பங்குனியில் ஒரு வான்நோக்கல் மாலை

பங்குனி மாத முன்னிரவில் இரண்டு பருவங்களின் வானம் ஒருசேரத் தெரியும். தை மாதத்தில் உச்சியருகே நின்ற ஓரியன் மேற்கே சாய்ந்திருக்கும். கோடைக்குரிய சிம்மமும் சப்தரிஷி மண்டலமும் கிழக்கே ஏறத் தொடங்கியிருக்கும். விண்மீன்கள் நாளுக்கு 4 நிமிடம், அதாவது மாதத்துக்கு 2 மணி நேரம் முன்னதாக உதிப்பதால் வரும் மாற்றம் இது. பொதுமக்களுக்கான வான்நோக்கலை இந்த மாதத்தில் வைத்தால் அதை நேரில் காட்டிவிடலாம். தமிழ்நாட்டில் மழை மேகத் தொல்லையும் அப்போது குறைவு.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வளர்பிறைப் பஞ்சமி, சஷ்டியை ஒட்டிப் பார்ப்பது நல்லது. அமாவாசை இரவு இன்னும் இருட்டுதான். ஆனால் நிலாக் குழிகளைப் பார்க்காமல் வீடு திரும்பும் குழந்தைக்கு அந்த இருட்டால் பயனில்லை. பௌர்ணமியில் நிழல் விழாததால் குழிகள் எடுபடா; விண்மீன்களும் மங்கிவிடும்.

இடத்துக்குப் பள்ளி மைதானம் போதும். மேற்கிலும் கிழக்கிலும் மறைப்பு இருக்கக் கூடாது. பக்கத்துத் தெருவிளக்கை இரண்டு மணி நேரம் அணைத்துவைக்க உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.

தொலைநோக்கிகளைப் பகல் வெளிச்சத்திலேயே நிறுத்தி, தூரத்துக் கோபுரத்தையோ செல்போன் கோபுரத்தையோ பார்த்துத் துணைநோக்கியைச் சரிசெய்துகொள்ளலாம். அது முடிந்ததும் சூரியன் மறையும்வரை அவை மூடியே இருக்க வேண்டும். சூரியன் பக்கம் திரும்பிய தொலைநோக்கியில் ஒரு கணம் பார்த்தாலும் பார்வை போய்விடும்.

கூட்டத்தைச் சமாளிப்பதுதான் உண்மையான வேலை. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரு தொலைநோக்கியில் மணிக்கு 60 பேர்தான் பார்க்க முடியும். 150 பேர் வந்தால் மூன்று தொலைநோக்கிகள் தேவைப்படும். மோட்டார் இல்லாத டாப்சோனியன் தொலைநோக்கியில், 100 மடங்கு பெருக்கத்தில், புவிச் சுழற்சியால் இரண்டு நிமிடத்துக்குள் பொருள் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். எனவே ஒவ்வொருவர் பார்த்த பிறகும் இயக்குபவர் அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சிறுவர்கள் ஏறி நிற்க ஒரு முக்காலி இருந்தால் குழாயைப் பிடித்துத் தொங்கமாட்டார்கள்.

மாலை 6.30 மணிக்குச் சூரியன் மறைந்ததும் நிலாவில் தொடங்கலாம். அந்தி வெளிச்சத்தில் அது கண்ணைக் கூசாது. 7.30 மணியளவில் இருட்டு நிறைந்துவிடும். கண் இருளுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் செல்போன்கள் பைக்குள் போக வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்பு செலோபேன் தாள் சுற்றினால் போதும்.

அடுத்து மேற்குப் பக்கம். முதலில் மறையப்போவதை முதலில் காட்டுவதே முறை. கார்த்திகை, அதற்கு மேலே செந்நிற ரோகிணி, ஓரியனின் தோளில் திருவாதிரை என்று பஞ்சாங்கப் பெயர்களைச் சொல்லியே காட்டலாம். தன் ஜென்ம நட்சத்திரத்தை வானத்தில் பார்த்தே இராதவர்கள் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். கார்த்திகைக்குப் பைனாகுலர்தான் பொருத்தம். தொலைநோக்கியின் குறுகிய பார்வைக்குள் அந்த விண்மீன் கூட்டம் அடங்காது. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும், நிலவொளியில் இன்னும் மங்கலாக. படங்களில் உள்ள வண்ணம் கண்ணுக்குப் புலப்படாது என்பதை வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இராது.

தெற்கே சிரியஸையும் அதற்குக் கீழே அகத்திய விண்மீனையும் காட்டிவிட்டுக் கிழக்கே திரும்பலாம். மாசி மகத்தன்று முழுநிலா அருகே நின்ற மகம் அங்கே ஏறியிருக்கும். 9 மணிக்குச் சப்தரிஷியின் வால் வளைவை நீட்டிக்கொண்டே போனால், அடிவானத்துக்குச் சற்று மேலே முதலில் சுவாதியும் பிறகு சித்திரையும் வரும்.

கலைவதற்கு முன், திருவாதிரை எந்த மரத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அனைவரும் குறித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்து இரண்டாவது மாலையை வைத்து, அதே மணிக்கு, அதே இடத்தில் நின்றால் அது 30 பாகை மேற்கே நகர்ந்திருக்கும். வைகாசி முற்பாதியில், இரவு 8.30 மணிக்கு மூன்றாவது மாலையை வைத்தால் தென்சிலுவை தெற்கே நிமிர்ந்து நிற்கும். சென்னையில் அது அடிவானத்துக்கு 17 பாகை உயரத்திலும் கன்னியாகுமரியில் 22 பாகை உயரத்திலும் இருக்கும். அதற்குத் தெற்கு அடிவானம் மறைப்பில்லாத மைதானமாகப் பார்க்க வேண்டும்.