வச்சிரபோதியின் கல்விப் பயணம்

நுழையும்முன்

கோடை விடுமுறையில் அயல்நாடு சென்று, அங்குள்ள சமய மரபுகளைக் கண்டும் கற்றும் திரும்பும் வாய்ப்பு இன்று மாணவர் சிலருக்குக் கிட்டுகிறது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் பத்து வயதில் கல்வி தேடிப் புறப்பட்ட ஒருவர், நாற்பது வயதை நெருங்கும்வரை மாணவராகவே வாழ்ந்தார். அவர் சென்ற வழியையும், காஞ்சியோடு அவருக்கிருந்த தொடர்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளிலிருந்து காஞ்சிபுரம் செல்வோர் பூவிருந்தவல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையை அடைகின்றனர். திருமழிசையைக் கடந்து திருப்பெரும்புதூர் வழியாகச் செல்லும் இத்திசையில் சமயச் சான்றோர் பலர் காஞ்சியை நாடிச் சென்றுள்ளனர். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு புரிந்தார். திருப்பெரும்புதூரில் தோன்றிய இராமானுசர் இளமையில் கல்வி கற்றதும் காஞ்சியை ஒட்டியே.

இவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே காஞ்சியின் கல்விப் புகழ் எல்லை கடந்திருந்தது. பிற்காலத்தில் கடம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், தம் ஆசிரியருடன் இங்கிருந்த கடிகை என்னும் உயர்கல்விக் கழகத்திற்குக் கற்க வந்தார் என்று தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. நாலந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் என்பது யுவான் சுவாங் தரும் குறிப்பு. நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் அந்நாட்டில் இருந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். கற்க வருவோரும் கற்பிக்கச் செல்வோருமாக இருந்த அக்காஞ்சியோடு தொடர்புடையவரே வச்சிரபோதி (கி.பி. 671 – 741).

அவரது வாழ்க்கையை அறிய உதவுவன சீன மொழியில் எழுதப்பட்ட வரலாறுகளே. அவற்றுள்ளும் ஒருமைப்பாடு இல்லை. அவர் தென்னாட்டு மலயநாட்டினர் என்றும், அவர் தந்தை காஞ்சி மன்னனின் ஆசிரியர் என்றும் ஒரு வரலாறு கூறும். அவர் நடு இந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்றும், காஞ்சியரசின் படைத்தலைவர் அவரைச் சீன அரசுக்கு அறிமுகப்படுத்தியதால் தென்னாட்டினர் எனப்பட்டார் என்றும் மற்றொன்று கூறும். அவரைத் தமிழ்நிலத்திற்கு உரியவராக்க விரும்புவோர் முன்னதை மட்டும் எடுத்துக்காட்டுவது உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறை. பிறந்த ஊர் எதுவாயினும், அவர் சீனம் சென்றதில் காஞ்சிக்கு இருந்த பங்கு உறுதியானது.

பத்து வயதில் அவர் நாலந்தாவில் சேர்ந்தார். முதலிற் கற்றது சமயத் தத்துவம் அன்று, இலக்கணம். அக்கால மாணவர் இலக்கணம் பயின்ற முறையை, ஏறத்தாழ அதே காலத்தில் நாலந்தாவில் தங்கிக் கற்ற சீனத் துறவி இத்சிங் விரிவாக விளக்கியுள்ளார். ஆறு வயதில் எழுத்துகள், எட்டு வயதில் பாணினியின் நூற்பாக்கள், பதினைந்தில் அவற்றின் விரிவுரை எனப் பாடம் வளர்ந்தது. விரிவுரையை உணர்ந்து தெளிய மட்டும் ஐந்தாண்டுகள் ஆகும் என்கிறார் அவர். மனப்பாடம் செய்வது எளிது, பொருளுணர்வதே அரிது என்பதை அக்கால ஆசிரியர்கள் அறிந்திருந்தனர் போலும்!

பதினைந்து வயதில் வச்சிரபோதி மேற்கிந்தியா சென்று, தருமகீர்த்தியின் அளவை நூல்களை நான்காண்டுகள் பயின்றார். வாதத்தில் பிறர் கூற்றை ஆராய்ந்து ஏற்கவும் மறுக்கவும் கற்றுத் தருவது அளவையியல். மீண்டும் நாலந்தா திரும்பி, இருபதாம் வயதில் முழுத்துறவு பூண்டார். துறவொழுக்க நூல்களையும் மாத்தியமிகத் தத்துவத்தையும் ஆறாண்டுகள் கற்றார். பின்னர்க் கபிலவத்துவில் மூன்றாண்டுகள் யோகாசார நூல்களைப் பயின்றார். முப்பத்தொன்றாம் வயதில் தென்னாடு வந்து, தாந்திரிக பௌத்தத்தை ஏழாண்டுகள் கற்றார். அவருக்கு ஊர் மாறுவது என்பது ஆசிரியர் மாறுவதே ஆகும்.

காஞ்சியில் மழை பொய்த்திருந்த காலத்தில் மன்னன் அவரை வேண்ட, அவர் வழிபட்டு மழை பெய்வித்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அதன்பின் இலங்கை சென்று பாவாதமலையில் புத்தரின் அடிச்சுவட்டை வணங்கினார். சீனம் செல்லும் விருப்பத்தை மன்னனிடம் அவர் தெரிவித்தபோது, கடல்வழியின் இடர்களைச் சொல்லி மன்னன் தடுத்தான், பின்னர் இசைந்தான். மகாபிரஞ்ஞாபாரமிதை நூலையும் பிற காணிக்கைகளையும் தன் படைத்தலைவர் ஒருவரிடம் கொடுத்து உடன் அனுப்பினான். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மனே அம்மன்னன் என்பர்.

மன்னனின் அச்சம் வீண்போகவில்லை. இலங்கையில் மணிகள் வாங்க வந்த பாரசீகக் கப்பல்கள் முப்பத்தைந்துடன் அவர் சென்ற கலமும் புறப்பட்டது. சுமத்திராவின் ஸ்ரீவிசயத்தில் ஐந்து மாதங்கள் தங்க நேர்ந்தது. சீனக் கரையை நெருங்கும் வேளையில் புயல் தாக்க, உடன்வந்த கப்பல்கள் சிதறி அழிந்தன. அவருடைய கலம் மட்டுமே தப்பியது. கலத்தின் சுமையைக் குறைக்கப் பொருள்களைக் கடலில் வீசியபோது, அவர் போற்றிக் கொணர்ந்த பெருநூலும் போயிற்று என்றும், அதன் சுருக்கமே எஞ்சியது என்றும் அவர் மாணவர் அமோகவச்சிரர் பெயரில் வழங்கும் நூல் குறிப்பிடுகிறது. 720-இல் தலைநகரை அடைந்த வச்சிரபோதி, 723-இல் மொழிபெயர்த்தது அந்நூல்மரபின் சுருக்க வடிவத்தையே.

அமோகவச்சிரர் பதின்பருவத்தில் அவரிடம் வந்து சேர்ந்தவர். 741-இல் லோயாங் நகரில் ஆசிரியர் மறைந்தபின், அவர் வந்த கடல்வழியே மாணவர் திரும்பிச் சென்றார். இலங்கையில் நூல்களைத் தேடித் திரட்டி, 746-இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களுடன் சீனம் மீண்டார். அமோகவச்சிரரின் மாணவரான உய்குவோவிடம் கற்ற கூக்காய் என்னும் ஜப்பானியத் துறவி, 806-இல் தாய்நாடு திரும்புகையில் தம் மரபின் ஆசிரியர் ஐவரின் ஓவியங்களை எடுத்துச் சென்றார். அவற்றுள் வச்சிரபோதியின் ஓவியமும் ஒன்று. கியோத்தோ நகரத்துத் தோ-ஜி கோயிலில் அவை காக்கப்படுகின்றன.