இறுதியாட்டத்தை ஆடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தி கிடைத்தது. அடுத்த வாரம் உன் பல்கலைக்கழகக் காற்பந்து அணிக்கு இறுதியாட்டம். அதற்கடுத்த ஞாயிறு நம் பக்கத்துத் தோட்டத் திடலில் தீபாவளிக் கிண்ணம், ஒன்பது பேர் ஆட்டம். இரண்டும் முடிந்து பத்து நாளில் ஒரு கிளப்பின் பயிற்சி முகாம். அங்கே உன் ஆட்டம் பிடித்துவிட்டால் ஒப்பந்தம் தருவதாகத் துணைப் பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். "கால் போச்சுன்னா எல்லாமே போச்சு அண்ணே, ரெண்டுலயும் ஒதுங்கிக்கட்டுமா?" என்று கேட்டிருந்தாய். அசாம் ஜாவாவிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உன் வயதுப் பிள்ளைகள் சிலர் இதே கேள்வியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால்தான் உன் பெயரைச் சொல்லாமல் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுதியாட்டத்தை ஆடு. தீபாவளிக் கிண்ணத்தில் ஆடாதே, ஆனால் திடலுக்குப் போ. ஏன் என்பதை விளக்கத்தான் மீதிக் கடிதம்.

உன் பயத்தை நான் குறை சொல்லவில்லை. முழங்காலுக்குள் ஏசிஎல் என்றொரு தசைநார் இருக்கிறது. சுண்டு விரல் பருமன்தான். பெரும்பாலும் எவரும் மோதாமலே அது அறுந்துபோகும். வேகமாக ஓடுகிறவன் சட்டென்று திரும்புவான், பூட்ஸின் முள் ஈரமண்ணில் மாட்டிக்கொள்ளும், பாதம் நின்றுவிடும், முட்டி மட்டும் திரும்பும். அறுவைச் சிகிச்சை செய்தாலும் ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். அப்படி விழுந்த ஒரு பையனை நம் பக்கத்துத் திடல் ஒன்றிலிருந்து நானும் இன்னும் மூன்று பேரும் பெஞ்சுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தோம். அங்கே ஸ்ட்ரெச்சர் இல்லை, முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரியும் மஞ்சள் மருந்தும்தான் இருந்தன. ஏற்பாட்டாளர்கள் தொப்பியை நீட்டிக் கூட்டத்தில் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். மனமிருந்து செய்ததுதான், ஆனால் அது ஒரு ஸ்கேனுக்குக்கூடப் போதவில்லை. அரசாங்க மருத்துவமனையில் முறை வருவதற்குள் அவன் தொடைத் தசை சூம்பிவிட்டது. இன்று ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பந்தைத் தொடுவதில்லை.

உன் கேள்வி அமெரிக்காவில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்தில் கல்லூரி அணிகளுக்குப் பருவத்தின் முடிவில் பௌல் ஆட்டங்கள் என்று தனியாக நடக்கும். 2016 ஜனவரி முதல் நாள் நடந்த ஃபியஸ்டா பௌலில் நோட்டர் டேம் அணியின் ஜெய்லன் ஸ்மித் முழங்காலை உடைத்துக்கொண்டார், நரம்பும் பாதிக்கப்பட்டது. தொழில்முறை அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் சில பேருக்குள் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தவர் அவர். 34ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார், அந்த வருடம் முழுக்க ஆடவும் முடியவில்லை. லியனார்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்கஃப்ரி என்ற இரண்டு கல்லூரி ஆட்டக்காரர்கள் அதே வருடம் டிசம்பரில் பௌல் ஆட்டத்துக்கு வர மறுத்துவிட்டார்கள். சக ஆட்டக்காரர்களைக் கைவிட்ட சுயநலக்காரர்கள் என்று பலர் அவர்களைத் தூற்றினார்கள். 2017இல் ஃபோர்னெட் 4ஆவதாகவும் மெக்கஃப்ரி 8ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். அவர்கள் ஒதுங்கிய அதே பௌல் பருவத்தில் ஆரஞ்சு பௌலில் ஆடிய மிச்சிகனின் ஜேக் பட் ஏசிஎல் அறுந்து ஐந்தாம் சுற்று வரை இறங்கிப் போனார்.

இந்தக் கதையைக் கேட்டால் ஒதுங்குவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனி.

ஒன்று, அவர்கள் எந்த ஆட்டத்தை விட்டார்கள் என்பது. பட்டத்தை முடிவுசெய்யும் சுற்றுக்குப் போன அணியிலிருந்து உடம்பில் காயமில்லாமல் ஒதுங்கியவர்கள் மிக அபூர்வம். அவர்கள் விட்டதெல்லாம் பருவம் முடிந்தபிறகு நடக்கும் மரியாதை ஆட்டங்கள். அதில் வென்றாலும் தோற்றாலும் பட்டம் கைமாறாது. டிக்கெட்டும் தொலைக்காட்சி உரிமையும் பணமாகும், ஆனால் அன்றைய கல்லூரி ஆட்டக்காரனுக்கு அதில் சம்பளம் கிடையாது.

இரண்டு, அவர்கள் எதைக் காப்பாற்ற ஒதுங்கினார்கள் என்பது. டிராஃப்டில் எத்தனையாவது இடம் என்பதை வைத்தே அங்கே முதல் ஒப்பந்தத்தின் தொகை அமைகிறது. நாலாவது இடத்துக்கு என்ன, நாற்பதாவது இடத்துக்கு என்ன என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். இடம் இறங்கினால் நஷ்டஈடு தரும் காப்பீடுகூட உண்டு. ஸ்மித்தும் பட்டும் அதை எடுத்திருந்தார்கள். அதாவது தராசின் இரண்டு தட்டிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் அங்கே நிறுக்கிறார்கள்.

உன் தட்டில் இப்போது என்ன இருக்கிறது? ஒரு துணைப் பயிற்றுநர் வாய்வார்த்தையாகச் சொன்ன நம்பிக்கை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. நம் மலேசியாவில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமே எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று யோசித்துப் பார். சம்பள பாக்கியில் சிக்கிய மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் லீக்கை விட்டே போயின. அந்த அணிகளில் ஆடியவர்கள் கையில் தாள் இருந்தது, பையில் சம்பளம் இல்லை. தாளில்கூட இல்லாத ஒன்றுக்காகக் கண்முன் இருக்கும் இறுதியாட்டத்தை விடாதே. மூன்று வருடம் அந்த அணியின் சட்டையைப் போட்டு நீ ஓடியது இந்த ஓர் ஆட்டத்துக்காகத்தான். முகாமில் உன்னைப் பார்க்கப் போகிறவர்களும், பெரிய ஆட்டத்தில் நீ எப்படி நிற்கிறாய் என்பதைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

உடம்பைக் காத்துக்கொள்வதைப் பற்றி வரும் பேச்சில் ஓர் அநியாயமும் இருக்கிறது. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜனை உனக்குத் தெரியும். 2021 பிப்ரவரியில் விஜய் ஹசாரே கோப்பைக்கான தமிழ்நாடு அணியில் அவர் பெயர் இருந்தது. இங்கிலாந்துத் தொடருக்கு அவர் களைப்பில்லாமல் வர வேண்டும் என்று இந்திய வாரியம் கேட்டுக்கொண்டது, தமிழ்நாடு சங்கம் அவரை விடுவித்தது. யாரும் அவரைச் சுயநலக்காரர் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மூன்று வருடம் கழித்து, 2024 பிப்ரவரியில், அதே வாரியம் இஷான் கிஷனையும் ஷ்ரேயஸ் ஐயரையும் வருடாந்திர ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. உள்நாட்டு ஆட்டங்களைத் தவிர்த்ததுதான் காரணம் என்று ஊரே பேசியது. பெரிய இடம் உன்னை ஓய்வெடுக்கச் சொன்னால் அது திட்டமிடல். நீயாக ஓய்வெடுத்தால் அது தலைக்கனம். இந்த ஓரவஞ்சனை உன் வாழ்க்கை முழுக்க வரும், இப்போதே தெரிந்துகொள். ஷ்ரேயஸ் அடுத்த மாதமே மும்பைக்காக ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில் இறங்கினார், எதிரே நம் தமிழ்நாடு அணி. இறுதியாட்டத்தில் 95 ஓட்டம் எடுத்தார். 2025இல் ஒப்பந்தம் திரும்பி வந்தது.

நடராஜன் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அப்படிக் காத்து வைத்த முழங்காலுக்கே அதே 2021 ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. நம் சிவசங்கரியைப் பார். உலகத் தரத்தில் ஸ்குவாஷ் ஆடிக்கொண்டிருந்தவர், 2022 ஜூனில் கார் விபத்தில் படுகாயமடைந்து அந்த வருடக் காமன்வெல்த் போட்டியையே இழந்தார். அடுத்த வருடம் ஹாங்சோவ் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற மலேசியக் காற்பந்து அணியில் கோல்காவலர் ஆறுமுகம் இருந்தார். அரசியல் புறக்கணிப்பால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. ஆனால் தென்கொரியாவை வென்ற அந்த ஒரு ஆட்டத்தை இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுகிறார்கள். நாளைக்கு என்ன வரும் என்பது எவர் கையிலும் இல்லை. ஆடிய ஆட்டத்தை யாராலும் பறிக்க முடியாது.

இப்போது தீபாவளிக் கிண்ணத்துக்கு வருகிறேன். ஊர் ஆட்டத்தை நான் மட்டமாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. செம்பனைக்கு நடுவே இருக்கும் இந்தத் திடல்களில்தான் நீ பந்தை அடக்கக் கற்றாய். லயங்கள் காலியாகி சனங்கள் பூஞ்சாக் ஆலாம் பக்கம் வீடு மாறிப் போன பிறகும், அந்த ஒரு நாளில்தான் பழைய தோட்டத்து முகங்கள் ஒன்றாகக் கூடுகின்றன. ஆனால் அது வருடக் கடைசி மழைக் காலம். கோல் முகப்பில் சேறு கணுக்கால் வரை நிற்கும். ஒரே நாளில் நாலைந்து ஆட்டம். கால் தளர்ந்திருக்கும் சாயங்காலத்தில்தான் அரையிறுதி. நீ கிளப்புக்குப் போகப் போகிறவன் என்று தெரிந்தால் உன்னை நிறுத்தியே தீருவது என்று எதிரணியில் ஒருவன் வருவான். அங்கே உன் முட்டி போனால் யார் பொறுப்பு? தொப்பியில் விழும் காசுதான்.

பல்கலைக்கழக இறுதியாட்டத்தில் நிலைமை வேறு. திடல் நன்றாக இருக்கும், பிசியோ இருப்பார், மாணவர் காப்பீடும் பெரும்பாலும் இருக்கும். ஆனாலும் நாளைக்கே மாணவர் நலப் பிரிவுக்குப் போய், விளையாட்டுக் காயத்துக்கு எவ்வளவு தருவார்கள், தனியார் மருத்துவமனைக்குச் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். இனி எந்த ஆட்டத்துக்கு யார் கூப்பிட்டாலும் மூன்று கேள்விகளைக் கேள். இந்த ஆட்டம் எதையாவது முடிவுசெய்கிறதா? காயம் பட்டால் செலவு யாருடையது? என்னை நம்பி யார் நிற்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு ஒதுங்கினால் அது முடிவு. தெரியாமல் ஒதுங்கினால் வெறும் பயம், அடுத்த ஆட்டத்திலும் அது உன்னோடு இறங்கும்.

ஒதுங்குகிறவனுக்கும் ஒரு கடமை உண்டு. தீபாவளிக் கிண்ணத்துக்கு வரவில்லை என்பதை இன்றைக்கே சொல். வாட்சாப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு நழுவாதே. கேப்டன் வீட்டுக்குப் போய், "அண்ணே, முகாம் இருக்கு, இந்த வருஷம் என்னால ஆட முடியாது" என்று முகத்தைப் பார்த்துச் சொல். கோபப்படுவார். படட்டும். உன் இடத்தில் இறங்கப் போகிற பையனுக்கு ஒரு வாரமாவது பயிற்சி கிடைக்கும். ஆட்டத்தன்று காலையில் தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீயே முதல் ஆளாகப் போ. கடைசி நேரத்தில் காலை நொண்டிக் காட்டி ஒதுங்கியவனை ஊர் மறக்காது, நேரத்தோடு சொல்லிவிட்டு ஓரத்தில் நின்று கத்தியவனை ஊர் மன்னித்துவிடும்.

உடம்பைக் காப்பது ஆட்டத்தை விடுவதில் மட்டும் இல்லை, ஆட்டம் இல்லாத நாட்களில்தான் அதிகம் இருக்கிறது. ஃபிஃபா 11+ என்ற சூடேற்றும் பயிற்சி இருபது நிமிடம்தான் எடுக்கும், ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குக் காயம் குறைகிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. உன் அணியில் எத்தனை பேர் அதை முழுசாகச் செய்கிறீர்கள்? இரவில் பழ லாரிகள் ஓடும் சாலையில் மோட்டார் சைக்கிளில் பறக்காதே. இறுதியாட்டத்துக்குப் பயந்தவன் அந்தச் சாலைக்குப் பயப்படாமல் இருப்பது எனக்குப் புரியவில்லை. முகாமில் ஒப்பந்தம் நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதே. காயம் பட்டால் சம்பளம் தொடருமா, சிகிச்சை யார் செலவு, எந்தக் காரணத்துக்கு ஒப்பந்தத்தை முறிப்பார்கள் என்ற மூன்று இடத்தையும் படி. புரியவில்லையென்றால் ஆட்டக்காரர்களுக்கென்றே நம் நாட்டில் நிபுணத்துவக் காற்பந்தாட்டக்காரர்கள் சங்கம் இருக்கிறது, அவர்களிடம் கேள். படிப்பைப் பாதியில் விடாதே. நம் டாக்டர் ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடியவர். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. ஓடிக்கொண்டே மருத்துவமும் படித்து முடித்தவர் அவர்.

ஒரு வேளை இறுதியாட்டத்திலேயே உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆகலாம். ஆகாது என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஜெய்லன் ஸ்மித் ஒரு வருடம் படுத்து எழுந்து 2019இல் அங்கே உயர்ந்த ஆட்டக்காரர்களுக்குத் தரும் கௌரவத்தைப் பெற்றார். எல்லாருக்கும் அப்படி அமையாது என்பதும் உனக்குத் தெரியும், அந்தக் கிடங்குப் பையனை நீயும் பார்க்கிறாய். அதனால்தான் சேற்றுத் திடலையும் இறுதியாட்டத்தையும் ஒரே தட்டில் வைக்காதே என்கிறேன். எந்த ஆட்டத்துக்கு உன் முழங்காலைத் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று பிரித்துப் பார்ப்பதும் ஓர் ஆட்டக்காரனின் திறமைதான்.

இன்று மாலையே கேப்டன் வீட்டுக்குப் போ. நாளை காப்பீட்டைப் பற்றிக் கேள். அடுத்த வாரம் இறங்கி ஆடு, பயந்து பாதிக்காலோடு ஆடாதே. முழுமனதோடு ஆடு.

அன்புடன்,
உன் அண்ணன்,
அசாம் ஜாவா