தஞ்சாவூர்ப் பரிசு வீட்டுக்கு வந்தால்...

கல்யாணம், கிரகப்பிரவேசம், பணி ஓய்வு... நம் பக்கம் எந்த விசேஷமானாலும் கலைத்தட்டோ தஞ்சாவூர் ஓவியமோ வந்துவிடும். கொலுவுக்குத் தலையாட்டி பொம்மை வேறு. மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. பரிசென்றால் பேணிக் காக்க வேண்டாமா? 1885 ஈஸ்டருக்கு ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர் தம் மனைவிக்குத் தந்த எனாமல் முட்டையை, உள்ளே இருக்கும் தங்கக் கோழியோடு இன்றும் காத்து வருகிறார்கள். நம் வீட்டுப் பொக்கிஷத்தைக் காக்கப் பெரிய செலவே இல்லை, தோழிகளே!

1. சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் கலைத்தட்டில், அடித்தட்டு பித்தளை. புடைத்து நிற்கும் உருவங்கள் மெல்லிய வெள்ளித் தகடு. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. இடுக்கில் தங்கிய புளி பச்சையாகக் களிம்பேறும், அழுத்தத்தில் சாமியின் மூக்கும் முழியும் மழுங்கிவிடும். விபூதியும் வேண்டாம். பழைய மல் வேட்டித் துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள், போதும்.

2. இடுக்குத் தூசிக்குப் பிள்ளைகளின் பெயின்டிங் பிரஷ் அருமையான கருவி. தை மாதம் சம்பா அறுவடைத் தூசி அடங்கும்வரை தட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

3. பெட்டிக்குள் இரண்டு சாக்பீஸ் போட்டு வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தையும் எறியாதீர்கள். ரப்பர் பேண்டு மட்டும் அருகில் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

4. ஓவியத்துக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பெரிய எதிரி. சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடாக்கி, அதன்மேல் கல்லும் தங்க ரேக்கும் பதிக்கிறார்கள். ஓதம் ஏறினால் எல்லாம் பெயர்ந்து வரும். குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டாமல், சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி மாட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும்.

5. சந்தனம், குங்குமம் கண்ணாடிமேல் மட்டும். விளக்கைச் சற்றுத் தள்ளி ஏற்றினால் புகை படியாது.

6. கல் உதிர்ந்தால் உடனடிப் பசையால் ஒட்டாதீர்கள், சுற்றியுள்ள ரேக்கில் வெள்ளை பூத்துவிடும். கல்லைச் சிறு கவரில் போட்டு சட்டத்தின் பின்னாலேயே ஒட்டி வையுங்கள். வரைபவரிடம் கொடுக்கும்போது புதுக்கல் தேட வேண்டியிராது.

7. காகிதக் கூழில் செய்த நடன பொம்மைக்கு ஈரத்துணி ஆகாது. வெளியூருக்குக் கொண்டுபோகும்போது தலை, உடல், பாவாடை என்று தனித்தனியே கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

8. ராஜா ராணி பொம்மைகள் முட்டை வடிவம். அடியில் களிமண் கனம் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். ஆனால் பஸ்ஸில் மோதி வண்ணம் உதிரும். ஒரு துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அதில் உட்காரவைத்தால் ஆடாமல் வரும்.

9. கலைத்தட்டு வாங்கும்போது உருவம் வெள்ளியா, வெள்ளி நிற உலோகமா என்று கேட்டு, அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பரிசாகத் தரும்போது உங்கள் பெயரைத் தட்டில் பொறிக்காமல், பெட்டியின் அடியில் சிறு தகடாக ஒட்டச் சொல்லுங்கள்.