வழக்குச் சுருக்கம் எழுதுவோம்

நீண்ட தீர்ப்பை ஒரு பக்கத்தில் அடக்குவது, சட்டக் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய 'லலிதா குமாரி எதிர் உத்தரப் பிரதேச அரசு' வழக்கை வைத்தே அதைப் பழகுவோம்.

1. தலைப்பு: வழக்கின் பெயர், நீதிமன்றம், தேதி, அமர்வு. இது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 12.11.2013, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையில் 5 நீதிபதிகள். நீதிபதிகளின் எண்ணிக்கையை விட்டுவிடக் கூடாது. பெரிய அமர்வின் தீர்ப்பைச் சிறிய அமர்வு மாற்ற முடியாது.

2. சங்கதிகள்: மகள் கடத்தப்பட்டதாக ஒரு தந்தை 2008 மே மாதம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். நடவடிக்கை இல்லை. மேலதிகாரியிடம் முறையிட்ட பிறகே எப்.ஐ.ஆர். பதிவானது. அதன் பிறகும் தேடவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். நம் கோபத்தை இங்கே எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுவோம்.

3. எழுவினா: வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால், எப்.ஐ.ஆர். பதிவது கட்டாயமா? ஒரே கேள்வி போதும்.

4. முடிவு: கட்டாயம். குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவ அலட்சியம், ஊழல், மிகத் தாமதமான புகார் போன்றவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணை செய்யலாம்.

5. காரணம்: சுருக்கத்தின் உயிர் இதுதான். கைது பற்றிய 41ஆம் பிரிவு 'நம்பத்தகுந்த' தகவல் என்கிறது. 154ஆம் பிரிவோ வெறும் 'தகவல்' என்கிறது. ஆகவே புகார் உண்மையா என்று எடைபோட்டுப் பார்த்த பிறகே பதிவோம் என்று காவல் நிலையம் சொல்ல முடியாது. பதிந்தவுடன் கைது செய்தாக வேண்டும் என்பதும் இல்லை.

6. இன்றைய நிலை: 1.7.2024 முதல் 154க்குப் பதிலாகப் புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். இதைச் சேர்க்காத சுருக்கம் பழைய நாட்காட்டி போன்றது.

எழுதி முடித்ததும் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். சட்டம் படிக்காத தாய்க்கும் புரிந்தால் அது நல்ல சுருக்கம். புகாரை வாங்க மறுக்கிறார்கள் என்று நாளை ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால், எந்தப் பிரிவைக் காட்டிப் பேசுவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.