மெட்டலை வாங்கிவிட்டு கிராங்க் தேடு

அன்புள்ள மாப்பிள்ளை,

புதுப்பேட்டையில் உன் ஹெரால்டுக்கு ஒரு கிராங்க் ஷாஃப்ட் பார்த்தாயாம், கண்ணாடி மாதிரி மின்னுகிறதாம். எமரி தாள் தேய்த்தால் எதுவும் மின்னும். அதற்குக் காசு கொடுக்காதே.

லாரி இன்ஜின் பிரித்துப் பூட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உன் ஹெரால்டு இன்ஜின் வண்டலூர்ப் பக்கம் 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் கம்பெனி கட்டிய 948 சிசி. ஸ்ட்ரோக் 76 மி.மீ. இதே வம்சத்தில் இங்கிலாந்தில் ட்ரயம்ப் கார்களுக்குப் பிற்பாடு 1493 சிசி வரை வந்தது. அதன் ஸ்ட்ரோக் 87.5, மெயின் ஜர்னலும் பருமன். உன் பிளாக்கில் உட்காராது. "ட்ரயம்ப் கிராங்க்தானே, மாட்டிடலாம்" என்றால் மைக்ரோமீட்டரை எடு. மெயின் 2 அங்குலம், பிக் எண்ட் 1.625 அங்குலம், இதை ஒட்டி இருக்க வேண்டும். கிரைண்ட் செய்ததென்றால் அதிலிருந்து ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு குறைந்திருக்கும். அளந்த இடத்திலேயே கால் சுற்று தள்ளி மறுபடி அள. வித்தியாசம் வந்தால் ஓவாலிட்டி. பிக் எண்டில் வெடிப்பின் அடி ஒரே பக்கம் விழுவதால் அங்கேதான் அதிகம் பார்ப்பாய்.

தேய்மானத்துக்குப் பயப்படாதே, கிரைண்ட் செய்யலாம். அந்த சைஸுக்கு மெட்டல், அதாவது பேரிங், கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 20 சைஸ் மெட்டல் கையில் இருந்தால், 10-இல் ஓடித் தேய்ந்த கிராங்க்கூட உனக்கு நல்ல சரக்குதான். மெட்டலே வராத சைஸுக்கு இறங்கிவிட்ட கிராங்க், எவ்வளவு மின்னினாலும் பழைய இரும்பு விலைதான் பெறும். எல்லோரும் கிராங்க்கை வாங்கிவிட்டு மெட்டலுக்கு அலைகிறார்கள்.

ஜர்னல் முடிந்து வெப் தொடங்கும் மூலையை நகத்தால் தடவிப் பார். வளைவாக இருக்க வேண்டும். கிரைண்டர் அங்கே கூராக வெட்டியிருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். காந்தத் துகள் சோதனை செய்யாமல் பூட்டாதே.

இந்த இன்ஜினுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படும். பின் மெயினில் இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் உண்டு; பின்பக்கத்து வாஷர்தான் அந்தத் தள்ளலைத் தாங்குகிறது. அது தேய்ந்து சம்ப்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். அதனால் வாஷர் உரசும் முகத்தில் வரி விழுந்த கிராங்க் வேண்டாம். பூட்டிய பிறகு ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முன் புல்லியில் டயல் கேஜ் வை. 0.1-லிருந்து 0.2 மி.மீ. வரை ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் வாஷரில் ஓவர்சைஸ் வருகிறது, அதைப் போடு.

அன்புடன்,
மாமா