மலை ஏறும் சைக்கிளும் வெயிலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சித்திரை வெயிலில், கேரியரின் இருபுறமும் பை தொங்க அந்தச் சாலையில் சைக்கிளில் கிளம்புகிறவருக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்த யோசனைகளில் நான்கு.

நம்பிக்கை: மேலே போகப்போகக் குளிரும், வெயில் படுத்தாது.
உண்மை: 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும், சரிதான். ஆனால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். அதோடு, மிதிக்கிறவர் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் உடம்பிலேயே சூடாகிறது. சமதரையில் எதிர்காற்று வியர்வையை உலர்த்தும். மணிக்கு 6, 7 கிலோமீட்டரில் ஏறும்போது அந்தக் காற்று இல்லை. மூக்கு நுனியிலிருந்து சொட்டிப்போகும் வியர்வை குளிர்விக்காது, ஆவியாவதுதான் குளிர்விக்கும். விடியலிலேயே ஏறத் தொடங்குங்கள். சின்ன கியர் போட வெட்கப்படாதீர்கள்.

நம்பிக்கை: தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.
உண்மை: அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், முற்றினால் வலிப்பு. தாகத்துக்குக் குடியுங்கள், நடுநடுவே உப்புப் போட்ட மோரும் சாப்பாடும் இருக்கட்டும்.

நம்பிக்கை: வியர்க்கிறவரை ஆபத்தில்லை, சூடான உடம்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும்.
உண்மை: கடும் உழைப்பில் வரும் வெப்பத் தாக்கில், வியர்த்துக்கொண்டே விழுகிறவர்கள் உண்டு. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். வண்டி கோணலாகப் போகும். 1967 ஜூலை 13 அன்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில், மோன் வான்டூ மலை ஏற்றத்தில் டாம் சிம்ப்சன் என்ற வீரர் அப்படித்தான் தள்ளாடி விழுந்தார். மறுபடி சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். சற்றுத் தூரத்தில் மீண்டும் விழுந்து இறந்தார். வெயிலோடு ஊக்கமருந்தும் சேர்ந்துகொண்டது. தடுமாறுகிறவரை மறுபடி ஏற்றிவிடாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூடவே 108-ஐ அழையுங்கள்.

நம்பிக்கை: ஏறியாயிற்று, இனி இறக்கம் சுகம்தான்.
உண்மை: ஏறும்போது உடம்பு சூடானது, இறங்கும்போது அது பிரேக்கின் முறை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கை விடாமல் அழுத்தியபடியே சுமையோடு இறங்கினால், சூட்டில் ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். நிறுத்துமிடத்தில் ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்றால், ஆறும்வரை அங்கேயே உட்காருங்கள்.