இரட்டைக் குழல் துப்பாக்கியில் நேரும் பழுதுகளும் அவற்றை அறியும் முறையும்

செம்பரம்பாக்கம் ஏரியையும் அதன் பாசனத்தையும் சார்ந்த கிராமங்களில், பயிர்க்காவலுக்காகவும் தற்காப்புக்காகவும் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கிகள் சில நிலவுடைமையாளர் குடும்பங்களில் தலைமுறையாக இருந்து வருகின்றன. இவை ஆண்டில் பெரும்பகுதி சுடப்படாமலே கிடப்பவை. தேர்தல் காலங்களில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ வாரக்கணக்கில் ஒப்படைக்கப்படுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றும் இரும்பை விரைவில் பற்றுகிறது. வேண்டிய வேளையில் துப்பாக்கி வெடிக்காமற் போவதும், வேண்டாத வேளையில் வெடிப்பதும் விதியின் செயலல்ல. பழுதை முன்னரே அறியாமையின் பயனே ஆகும்.

உறுப்புகள்

பொதுவாக வழங்குவது 12 போர் துப்பாக்கி. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான 12 குண்டுகளாக வார்த்தால், ஒரு குண்டின் விட்டமே இக்குழலின் உள்விட்டம். அஃதாவது ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். குழல்கள் ஒரு கீலில் மடிந்து திறக்கும். இரு விசைகள் உள்ள துப்பாக்கியில் முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் சுடுவது வழக்கம். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியே ஸ்பிரிங், சுத்தி, ஊசி, சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி ஆகியவை உண்டு. ஆகையால் ஒரு பக்கம் நன்றாக இருப்பது மறுபக்கத்திற்குச் சான்றாகாது.

எந்தப் பழுதைப் பார்ப்பதற்கு முன்னரும், வாயை ஆளில்லாத திசையில் வைத்துத் துப்பாக்கியைத் திறந்து, இரு குழல்களும் வெறுமையாய் இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தல் வேண்டும்.

1. விசையை இழுத்தும் வெடியாமை

உடனே திறப்பது பேராபத்து. சில தோட்டாக்கள் தாமதித்து வெடிப்பதுண்டு. வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து அரை நிமிடமேனும் காத்திருந்து, பின்னரே திறந்து தோட்டாவின் கேப்பை நோக்குக. கேப்பில் தழும்பே இல்லையாயின், காவல் பொத்தான் விலக்கப்படவில்லை, அல்லது தவறான விசை இழுக்கப்பட்டது, அல்லது ஊசி முறிந்தோ துருவால் சிக்கியோ உள்ளது. தழும்பு இலேசாயிருப்பின், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பழைய எண்ணெய் பிசினாய் உறைந்து சுத்தியைத் தடுத்திருக்கலாம். தழும்பு ஆழமாயிருந்தும் வெடிக்கவில்லையெனில் தோட்டாவே ஈரம் பட்டது.

பழுது எப்போதும் ஒரே குழலில் நேர்ந்தால் குற்றம் துப்பாக்கியுடையது; ஒரே பெட்டித் தோட்டாக்கள் இரு குழல்களிலும் தவறினால் குற்றம் தோட்டாவுடையது. வெடியாத தோட்டாவைப் பிரித்துப் பார்த்தலும் வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்துதலும் கூடாது. அதனைத் தனியே வைத்து உரிமம் பெற்ற வணிகரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

2. இரு குழலும் ஒருங்கே வெடித்தல்

ஒரு குழல் சுட்ட அதிர்ச்சியில் மறு குழலின் கொக்கி நழுவுவதே இதன் காரணம். கொக்கியின் விளிம்பு தேய்ந்துள்ளது என்பதற்கு இது அடையாளம். இத்தகைய துப்பாக்கி கீழே விழுந்தாலும் வெடிக்கக்கூடும். காவல் பொத்தான் பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையை மட்டுமே பூட்டுகிறது, சுத்தியைப் பூட்டுவதில்லை. எனவே பழுது நீங்கும்வரை தோட்டா இடவே கூடாது.

3. திறவாமையும் மூடாமையும்

தோட்டாவின் விளிம்பு உந்தியின் அடியில் அகப்பட்டிருத்தல், மருந்துக்கரி படிதல், வெற்றுக்கூடு உப்பியிருத்தல் ஆகியவை காரணங்கள். முழங்காலில் வைத்து வளைத்தலும் சுத்தியலால் தட்டுதலும் கீலைக் கெடுக்கும். கூடு மீண்டும் மீண்டும் ஒட்டிக்கொண்டால் தோட்டா அறையில் துருக்குழிகள் உண்டாயின என அறிக.

4. மூட்டுத் தளர்ச்சி

முன்கட்டையைக் கழற்றி, வெறுந்துப்பாக்கியை மூடி, பிடியைப் பற்றி மெல்ல அசைத்தால் உலோகம் உலோகத்தில் தட்டும் ஓசை கேட்கலாகாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் பின்வாய்த் தகட்டுக்கும் இடையே ஒளி தெரியலாகாது. தெரிந்தால் வெடிவாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வர இடமுண்டு.

5. குழலில் அடைப்பு

கையிழப்புக்குப் பெருங்காரணம் இதுவே. மாதக்கணக்கில் சார்த்தி வைத்த குழலில் குளவி மண்கூடு கட்டுகிறது. வரப்பில் ஊன்றினால் வாயில் சேறு ஏறுகிறது. அவ்வடைப்போடு சுட்டால் குழல் உப்பும் அல்லது பிளக்கும்; குழலைத் தாங்கிய கையே முதலில் சிதையும். சுட்ட ஓசை வழக்கத்தினும் மெலிந்திருந்தால் தக்கை உள்ளே தங்கியிருக்கலாம். குழலினூடே பாராமல் அடுத்த தோட்டா இடலாகாது. 20 போர் தோட்டா ஒன்று தவறி 12 போர் குழலில் விழுந்தால், அது அறையைக் கடந்து முன்னே சென்று தங்கும். அதன்பின் இடப்படும் தோட்டா குழலைப் பிளந்துவிடும். இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைத்தல் தகாது.

பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளமே. 70 மில்லிமீட்டர் தோட்டா, வாய் மடிந்திருப்பதால் அதில் எளிதாய் நுழையும். சுடும்போது மடிப்பு விரிந்து குழலை நெருக்கும். கரிமருந்துக்கென்று செய்த பழங்குழல்களில் இக்காலப் புகையில்லா மருந்துத் தோட்டாவை இடுவதும் அத்தகைய ஆபத்தே.

பராமரிப்பு

சுட்ட அன்றே குழலைத் துடைத்து இலேசாக எண்ணெயிடுக. மிகுதியான எண்ணெய் விசைக்கூட்டில் இறங்கி உறையும், பின்கட்டையையும் மென்மையாக்கும். தோலுறை ஈரத்தை உறிஞ்சுமாதலால் அதில் நெடுநாள் வைத்தல் கூடாது. மண்சுவரில் சார்த்தினால் கரையான் கட்டையைத் தின்னும். வெறுந்துப்பாக்கியில் விசையை அடிக்கடி தட்டினால் ஊசி முறியும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகள் மூழ்கியதுபோன்ற வெள்ளத்தில் நனைந்த துப்பாக்கியை, மேற்புறம் உலர்ந்தது கண்டு நம்பலாகாது; உள்ளே தேங்கிய நீர் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

எவரிடம் பழுது பார்ப்பது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் லேத்துப் பட்டறைகள் மலிந்துள்ளன. ஊசியோ ஸ்பிரிங்கோ அங்கே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். அஃதில்லாதவன் கை வைப்பது குற்றம். அன்றியும், பதம் தவறிய எஃகால் செய்த உறுப்பு எப்போது முறியுமென்று கூற இயலாது. உடையவர் செய்யத்தக்கது துடைத்தல், எண்ணெயிடல், சோதித்தல் மட்டுமே. கிராம அலுவலர்கள் விசாரணைக்குச் செல்லும்போது, துப்பாக்கியில் பொறித்த எண் உரிமத்தோடு ஒத்துள்ளதா, உரிமக்காலம் முடியவில்லையா, பழுதுபார்த்த ரசீது உண்டா என்பவற்றைக் கேட்டறிதல் நலம்.

துப்பாக்கி உரிமம் விலங்கைக் கொல்லும் உரிமையன்று. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியும் மயிலும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. மேலும், முன்னர் வெட்டவெளியாயிருந்த வயலோரங்களில் இன்று தொழிலாளர் குடியிருப்புகளும் இரவு பகல் ஓயாத சாலைகளும் வந்துள்ளன. சிறு ரவை 200 கஜத்துக்கு அப்பாலும், பெரிய ரவை 600 கஜத்துக்கு அப்பாலும் செல்லவல்லது. இருளில் பயிரைக் காக்க எழுப்பிய ஒரு வெடி, வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர்மேல் படின் அந்த நஷ்டத்தை எந்த விளைச்சலும் ஈடுசெய்யாது. பழுதறியாத துப்பாக்கியைத் தொடாதிருத்தலும், குறி அறியாத திசையில் சுடாதிருத்தலும் துப்பாக்கியுடையோர் கடமையாகும்.